கழுத்தில் ஏன் விலா எலும்பு முளைப்பதில்லை?

சளி, இருமல் என்று போய் எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் சிலருக்கு எதிர்பாராத ஒன்று தென்படும். கழுத்தின் அடியில், காலர் எலும்புக்குச் சற்று மேலே, ஒரு குட்டி விலா எலும்பு. சிலருக்கு அது விரல் நுனி அளவோடு நின்றுவிடும், சிலருக்கு நீண்டு வளர்ந்து முதல் விலாவைத் தொட்டுக்கொண்டிருக்கும். மருத்துவர்கள் இதைக் கழுத்து விலா என்கிறார்கள். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ இது உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு தொந்தரவும் கிடையாது, இருப்பதே தெரியாமல் ஆயுள் கழிந்துவிடும். ஒரு சிலருக்குத்தான் கைக்குப் போகும் நரம்பையோ ரத்தக்குழாயையோ அழுத்திக் கை மரத்துப்போகும்.

இந்த எலும்பில் ஊனம் என்று எதுவும் இல்லை. ஒரு மார்பு முள்ளெலும்பு என்ன செய்யுமோ அதையே ஏழாவது கழுத்து முள்ளெலும்பு செய்திருக்கிறது. வேலை சரி, இடம்தான் தப்பு. இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன் 1894-ல் வெளியிட்ட பெரிய நூலில் இந்த மாதிரி விநோதங்களை மலைமலையாகக் குவித்தார். உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் பாதம் முளைத்த பூச்சியும் அதில் உண்டு, முள்ளெலும்பு இடம் மாறிய மனிதரும் உண்டு. உடலின் ஒரு பாகம் இன்னொரு பாகத்தின் உருவத்தை எடுத்துக்கொள்வதற்கு ஹோமியோசிஸ் என்று பெயர் வைத்தவர் அவர்தான். காரணம் அவருக்கும் தெரியாது, அவருக்குப் பின் எண்பது வருடங்களுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

காரணத்தைத் தேடிப் போனால் நம் எலும்புக்கூடு உருவாகும் விதமே தலைகீழாகத் தெரிய ஆரம்பிக்கிறது. முள்ளெலும்பு இப்படி, விலா எலும்பு அப்படி, தொடை எலும்பு இன்னொரு மாதிரி என்று மரபணுக்களில் எங்கோ படம் வரைந்து வைத்திருக்கிறது என்றே பலரும் நினைத்திருக்கிறோம். அப்படி ஒரு படம் எங்குமே கிடையாது. அங்கே இருப்பவை பின்கோடுகள். “நீ இருப்பது கழுத்துப் பகுதி” என்றோ “நீ இருப்பது இடுப்புப் பகுதி” என்றோ ஒரு செல்லுக்குத் தெரிவிக்கும் தகவல் மட்டும்தான். என்ன செய்வதென்பது அதற்கப்புறம் முடிவாகிறது.

கணக்கிலிருந்து தொடங்கலாம். நமக்குக் கழுத்தில் 7 முள்ளெலும்புகள். சுண்டெலிக்கும் 7. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7, ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். கழுத்தே இல்லாததுபோல் தெரியும் திமிங்கிலத்துக்கும் 7, சில இனங்களில் அவை ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். ஓரிரு விதிவிலக்குகள் தவிர, பாலூட்டிகள் இந்த எண்ணை விட்டுக்கொடுப்பதே இல்லை. பறவைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கோழிக்கு 14, அன்னத்துக்கு இருபதுக்கும் மேல். கழுத்துக்குக் கீழே பாலூட்டிகளிடமும் கணக்கு தளர்ந்துவிடுகிறது. விலா தாங்கும் மார்பு முள்ளெலும்பு நமக்கு 12, சுண்டெலிக்கு 13, யானைக்கு 20 வாக்கில். ஆக, எத்தனை முள்ளெலும்பு என்பது ஒரு கேள்வி, எது எந்த வகை என்பது இன்னொரு கேள்வி. கரு இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் தீர்த்துக்கொள்கிறது.

எண்ணிக்கை முடிவாவதைக் கோழிக் கருவில் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு நாள் அடைகாத்த முட்டையின் ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, கருவுக்கு அடியில் கொஞ்சம் கறுப்பு மை செலுத்தினால் போதும், கண்ணாடி போன்ற அந்த உடல் பளிச்சென்று தெரியும். நடுவில் நரம்புக்குழாய். அதன் இரு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சிறு கட்டிகள். இவைதான் சோமைட்டுகள், முள்ளெலும்பும் விலாவும் முதுகுத் தசையும் இவற்றிலிருந்தே வருகின்றன. தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாக, 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி வீதம் தப்பாமல் பிரிந்துகொண்டே வரும். மனிதக் கருவில் முதல் ஜோடி தோன்றுவது மூன்றாவது வாரத்தில், தாய்க்கே கர்ப்பம் உறுதியாகியிருக்காத நாட்களில்.

இவ்வளவு ஒழுங்கு இருக்கிறதென்றால் உள்ளே கடிகாரம் போல ஏதோ ஒன்று ஓட வேண்டும் என்று 1976-ல் ஜொனாதன் குக் என்ற உயிரியலாளரும் கிறிஸ்டோபர் சீமன் என்ற கணிதவியலாளரும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். காகிதத்தில் மட்டும் இருந்த கடிகாரத்தை 1997-ல் பிரான்சில் ஒலிவியே பூர்கியே குழு நேரிலேயே பிடித்தது. கோழிக் கருவின் வால் முனைச் செல்களில் ஒரு மரபணு 90 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து அடங்குகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஜோடி சோமைட் பிரிகிறது. இதே கடிகாரம் சுண்டெலியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று ஓடும். மனித ஸ்டெம் செல்களை வைத்து ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு சுற்றுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆனது.

பாம்பின் நீளத்துக்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது. பூர்கியேவின் குழு 2008-ல் அமெரிக்கச் சோளப் பாம்பின் கருவை எடுத்துப் பார்த்தது. சுண்டெலிக்குச் சுமார் 65 ஜோடி சோமைட் என்றால் இதற்குச் சுமார் 315. பாம்பின் உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால் அதன் கடிகாரம் சுண்டெலியினதைவிட நான்கு மடங்கு வேகம். கருவின் திசு அதே திசுதான், துண்டுகள் மட்டும் பொடிப்பொடியாக, ஏராளமாக விழுகின்றன. பாம்பை உருவாக்க இயற்கை புதிதாக எலும்பு ஏதும் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே ஓடிய கடிகாரத்தை முடுக்கிவிட்டதோடு சரி.

பிரிந்து நிற்கும் சோமைட்டுகள் பார்வைக்கு எல்லாமே ஒரே அச்சு. கழுத்துக்குப் போவது எது, மார்புக்குப் போவது எது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் தெரியாது. ஆனால் அவற்றுக்குத் தெரியும். 1972-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலர், கோழிக் கருவில் மார்புக்குப் போகவிருந்த திசுவை, அது சோமைட்டாகப் பிரிவதற்கு முன்பே வெட்டி எடுத்துக் கழுத்துப் பகுதியில் பதித்தார்கள். கரு வளர்ந்தது. கழுத்தில் விலா எலும்பு முளைத்தது! சுற்றிலும் இருந்த கழுத்துத் திசு எதுவும் அதன் மனத்தை மாற்ற முடியவில்லை. எலும்பு என்று ஒன்று உருவாவதற்குப் பல நாள் முன்னாலேயே முகவரி எழுதப்பட்டுவிடுகிறது.

எழுதுவது ஹாக்ஸ் என்ற மரபணுக் குடும்பம். இவற்றின் கதை பழ ஈயில் தொடங்கியது. அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் எட்வர்ட் லூயிஸ், நாலு இறக்கை முளைத்த ஈக்களை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் பொறுமையாகக் கணக்கெடுத்து, 1978-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். உடலின் எந்தக் கண்டம் எதுவாக வேண்டும் என்பதை முடிவு செய்யும் மரபணுக்கள் குரோமோசோமில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன, அந்த வரிசை உடலின் வரிசையோடு அப்படியே பொருந்துகிறது என்றார். 1995-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஈயோடு முடிந்திருந்தால் அது பூச்சியியல் சமாச்சாரமாக நின்றிருக்கும். 1984 வாக்கில் இந்த மரபணுக்களுக்கெல்லாம் பொதுவான 180 எழுத்துத் துண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. கையோடு அதைத் தவளையிலும் சுண்டெலியிலும் மனிதனிலும் தேடினார்கள், எல்லாவற்றிலும் இருந்தது. நம்மிடம் 39 ஹாக்ஸ் மரபணுக்கள், நான்கு குரோமோசோம்களில் நான்கு கொத்துகளாக. கொத்தின் ஒரு முனையில் இருப்பவை முதலில் விழித்து உடலின் முன்பகுதியைக் கவனிக்கின்றன, மறுமுனையில் இருப்பவை தாமதமாக விழித்து இடுப்பையும் வாலையும் கவனிக்கின்றன.

கோழிக்கு 14, சுண்டெலிக்கு 7 என்ற வித்தியாசத்தையும் இதை வைத்தே விளக்கிவிடலாம். ஹாக்ஸ்-சி6 என்ற மரபணு கருவில் எந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்குகிறது என்று ஆன் பர்க்கும் கிளிஃப் டேபின் குழுவினரும் 1995-ல் பார்த்தார்கள். தலையிலிருந்து எண்ணினால் இரண்டு விலங்கிலும் வேறு வேறு இடம். உடலமைப்பை வைத்துப் பார்த்தால் ஒரே இடம்: கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் எல்லை. பெருவாத்திலும் தவளையிலும்கூட அப்படித்தான். மரபணு எண்ணிக்கையைப் பொருட்படுத்துவதில்லை, எல்லையைப் பிடித்துக்கொள்கிறது.

இது வரைக்கும் கிடைத்தது பொருத்தம் மட்டுமே. ஹாக்ஸ்தான் காரணம் என்று நிரூபிக்க அவற்றை நீக்கிப் பார்க்க வேண்டும். நீக்கினார்கள், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றை எடுத்தால் மற்றக் கொத்துகளில் இருக்கும் அதன் பங்காளி மரபணுக்கள் அந்த வேலையைப் பார்த்துவிடுகின்றன. யூட்டா பல்கலைக்கழகத்தில் டெனீஸ் வெல்லிக்கும் மரியோ கபேக்கியும் பங்காளிகளை ஒட்டுமொத்தமாக எடுப்பது என்று முடிவு கட்டினார்கள். ஹாக்ஸ்10 என்ற வகையில் சுண்டெலிக்கு மூன்று மரபணுக்கள், தாய் வழி ஒன்று தந்தை வழி ஒன்றாக ஆறு பிரதிகள். ஆறும் போன குட்டி கிடைக்க எத்தனை தலைமுறை இனக்கலப்பு, எத்தனை குட்டிகளுக்கு மரபணுச் சோதனை என்று யோசித்தாலே மலைப்பாக இருக்கிறது.

அப்படிப்பட்ட குட்டியின் எலும்பைப் பார்க்கும் முறை பழையது, அழகானது. தோலை நீக்கி, ஆல்சியன் ப்ளூ என்ற சாயத்தில் ஊறவைத்தால் குருத்தெலும்பு நீலமாகும். அலிசரின் ரெட் போட்டால் எலும்பு சிவப்பாகும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் சதையைக் கண்ணாடியாக்கிவிடும். கடைசியில் கிளிசரின் புட்டிக்குள் நீலமும் சிவப்புமாக ஒரு முழு எலும்புக்கூடு. சாதாரணக் குட்டியில் 13 விலாவுக்குக் கீழே வெறும் இடுப்பு முள்ளெலும்புகள் இருக்கும். 2003-ல் வெளியான இந்த ஆய்வின் குட்டிகளிலோ, மார்பு முடிந்த பிறகும் விலா, இடுப்பிலும் விலா, இடுப்புக்கூட்டோடு இணையும் சேக்ரம் தாண்டியும் விலா! இடுப்பு முள்ளெலும்பு என்று ஒன்றுகூட இல்லை. அடுத்த வகையான ஹாக்ஸ்11-ஐ முழுக்க எடுத்த குட்டிகளில் சேக்ரம் உருவாகவில்லை, அந்த இடத்திலும் இடுப்பு முள்ளெலும்புகளே வரிசையாக நின்றன.

எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த சோதனை இதுதான். விலா எலும்பை உண்டாக்கும் மரபணு எது என்று தேடுகிற மனதுக்கு இது ஒரு குட்டு. விலா தானாகவே வரும். வேண்டாம் என்று தடுக்கத்தான் மரபணு வேண்டும், இடுப்பில் ஹாக்ஸ்10 செய்வது அந்தத் தடுப்பு வேலை. முதலில் தரைக்கு வந்த நாலுகால் பிராணிகளின் புதைபடிவங்களில் உடல் நெடுக விலா இருப்பது இதோடு ஒத்துப்போகிறது. நம் கழுத்து முள்ளெலும்புகளிலேயே பக்கவாட்டு முனையின் முன்பாதி, விலாவாகியிருக்க வேண்டிய துணுக்குதான். எல்லோரிடமும் அது சிறுத்து முள்ளெலும்போடு ஒட்டிவிடுகிறது. எக்ஸ்ரேயில் கழுத்து விலாவோடு தெரிகிறவருக்கு அது சிறுக்காமல் வளர்ந்துவிட்டது.

போர்ச்சுகலில் மொய்செஸ் மாயோ குழு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஹாக்ஸ்-ஏ10-ஐ, சோமைட் பிரிவதற்கு முன்பே உடல் முழுக்க விழிக்க வைத்தார்கள். ஒரு விலாகூட இல்லாத குட்டி பிறந்தது. அப்படியானால் பாம்பு? அதன் உடலில் ஹாக்ஸ்10 விழித்திருக்கும் பகுதியிலும் விலா இருக்கிறதே? 2013-ல் அதே குழு விடை சொன்னது. ஹாக்ஸ்10 நேராக எலும்பிடம் பேசுவதில்லை, வேறு மரபணுக்களை இயக்கும் ஸ்விட்ச் ஒன்றில் வந்து அமர்ந்துதான் பேசுகிறது. பாம்பில் அந்த ஸ்விட்சில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருப்பதால் ஹாக்ஸ்10 அங்கே அமர முடிவதில்லை. அதே எழுத்து மாற்றம் யானையிடமும் கடற்பசுவின் உறவினமான மனாட்டியிடமும் இருக்கிறது. யானைக்கு விலா இவ்வளவு நீள வரிசையாக இருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

முகவரி வேறு, கட்டுமானம் வேறு என்பதற்கு இன்னொரு சாட்சி ரன்எக்ஸ்2. இது எலும்புச் செல்களை உருவாக்கும் மரபணு. இதை இரு பிரதியும் நீக்கிய சுண்டெலிக் குட்டிகளை 1997-ல் ஜப்பானில் தோஷிஹிசா கோமோரியின் குழு சாயமிட்டுப் பார்த்தபோது சிவப்பே இல்லை. முள்ளெலும்பு, விலா, கால் எல்லாம் பெரும்பாலும் அதனதன் இடத்தில், அதனதன் உருவத்தில், மொத்தமும் நீலம், மொத்தமும் குருத்தெலும்பு. எலும்பு ஒரு துளிகூட இல்லாமல் எலும்புக்கூடு. மூச்சிழுக்க விலாவில் உறுதியில்லாததால் குட்டிகள் பிறந்தவுடன் இறந்துவிட்டன. மனிதர்களில் இந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்குக் காலர் எலும்பு சரியாக வளர்வதில்லை, இரண்டு தோள்களையும் மார்புக்கு முன்னே கொண்டுவந்து சேர்த்துவிட முடியும்.

முகவரி எழுதும் நாட்களில் வெளியிலிருந்தும் குழப்பம் வரலாம். வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம் ஹாக்ஸ் வரிசையைத் தட்டியெழுப்பும் பொருள்களில் ஒன்று. ஜெர்மனியில் கெஸ்ஸலும் குரூஸும் சினைச் சுண்டெலிகளுக்கு இதைக் கொடுத்து, குட்டிகளின் முள்ளெலும்புகள் வகை மாறுவதை 1991-ல் காட்டினார்கள். எந்த நாளில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மாற்றமும் மாறியது. கடுமையான முகப்பருவுக்கு எழுதித் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கருவின் முகம், மூளை, இதயம் எல்லாவற்றையும் அது பாதிக்கும் என்பதால்தான் அதை எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது என்று தோல் மருத்துவர்கள் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

கை கால்களுக்கு வந்தாலும் இதே தர்க்கம்தான். சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று வீடியோ கேம் பாத்திரத்தின் பெயர் சூட்டப்பட்ட மரபணு, கையில் சுண்டுவிரல் பக்கம் எது, கட்டைவிரல் பக்கம் எது என்று முடிவு செய்கிறது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும்கூட அதே மரபணு வேண்டும், அது பழுதானால் கரு பிழைக்காது. ஆனால் கை காலில் மட்டும் அதை விழிக்க வைக்கும் ஸ்விட்ச் ஒன்று, மரபணுவிலிருந்து கிட்டத்தட்ட 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, சம்பந்தமில்லாத இன்னொரு மரபணுவுக்குள் ஒளிந்திருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினால் கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் வரலாம். ஆறு விரல் அதிர்ஷ்டம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த அதிர்ஷ்டம் சில குடும்பங்களில் குடியிருப்பது இங்கே. ஃபுளோரிடாவில் ஹெமிங்வே வீட்டுப் பூனைகளின் கூடுதல் விரல்களுக்கும் இதுவே காரணம்.

பாம்புகள் கால்களை இழந்ததிலும் இந்த ஸ்விட்சுக்குப் பங்குண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 2016-ல் சுண்டெலியின் ஸ்விட்சை எடுத்துவிட்டுப் பாம்பின் ஸ்விட்சை வைத்தார்கள். குட்டிகளுக்குக் கை கால் இருக்க வேண்டிய இடத்தில் குட்டையான முளைகள்தான் வந்தன. மனிதனின் ஸ்விட்சை வைத்தபோது கால்கள் ஒழுங்காக வளர்ந்தன, மீனினதை வைத்தபோதும் வளர்ந்தன! பாம்பு ஸ்விட்சில் காணாமல் போயிருந்த 17 எழுத்துகளைத் திரும்பச் சேர்த்தார்கள், கால்கள் திரும்பி வந்தன. சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவைப் பாம்பு பத்திரமாக வைத்திருக்கிறது, வைத்தே ஆக வேண்டும். மூளைக்கு வேண்டுமே.

பாலூட்டிகளின் 7 என்ற பிடிவாதத்துக்கும் விளக்கம் இந்தப் பக்கமாகத்தான் இருக்கும் என்பது நெதர்லாந்தின் ஃப்ரீட்சன் காலிஸ் 1999-லிருந்து வாதிட்டுவரும் கருத்து. கழுத்து முள்ளெலும்பின் அடையாளத்தை மாற்ற வேண்டுமானால் கருவின் மிக ஆரம்ப நாட்களில் ஹாக்ஸ் வேலையில் கைவைக்க வேண்டும். அந்த நாட்களில் அதே மரபணுக்கள் வேறு பல உறுப்புகளிலும் மும்முரமாக இருக்கின்றன. பிறக்கும் முன்பே இறந்த சிசுக்களிடமும், குழந்தைப் பருவப் புற்றுநோய் கண்டவர்களிடமும் கழுத்து விலா மிக அதிகமாகக் காணப்படுவதை அவர் ஆதாரமாகக் காட்டுகிறார். கழுத்தில் முளைத்த விலாவால் கெடுதல் இல்லை, அதோடு கூட வரும் குழப்பங்கள்தான் ஆளைக் கொல்கின்றன என்பது வாதம். கழுத்து விலா உள்ள பெரியவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை, அவர்கள் அந்தக் கண்டத்தைத் தாண்டி வந்தவர்கள். வட கடலில் கிடைத்த பனியுக மாமத யானை எலும்புகளிலும் காலிஸ் குழு கழுத்து விலாவின் தடத்தை மூன்றில் ஒரு பங்கில் கண்டது. பார்த்த எலும்புகள் கொஞ்சம்தான் என்றாலும், எண்ணிக்கை குறைந்து நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கிய கடைசிக் காலக் கூட்டமாக அது இருக்கலாம் என்ற ஊகம் பொருத்தமாகவே படுகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. மனாட்டிக்கு 6. தேவாங்கு என்று சிலர் தப்பாகச் சொல்லும் தென்னமெரிக்க மூவிரல் ஸ்லாத்துக்கு 8, 9, சிலவற்றுக்கு 10. ஸ்லாத்தின் உடலியக்கம் மிக மந்தம், புற்றுநோய் அபாயம் குறைவு, அதனால் தப்பித்துக்கொள்கிறது என்கிறார் காலிஸ். கேம்பிரிட்ஜ் குழு ஒன்று 2010-ல் வேறு மாதிரி சொன்னது: ஸ்லாத்தின் கழுத்தில் எட்டாவதும் ஒன்பதாவதும் எலும்பாகிற முறையைப் பார்த்தால் அவை அசல் மார்பு முள்ளெலும்புகள், விலாவைத் தொலைத்துவிட்டுக் கழுத்தில் நிற்கின்றன. அப்படியானால் ஸ்லாத்தும் 7 என்ற விதியை மீறவில்லை. எனக்கு இரண்டாவது விளக்கமே கூடுதல் நம்பகமாகத் தெரிகிறது. கருவில் நடப்பதை நேரடியாகப் பார்த்துச் சொன்னது அதுதான்.

கழுத்தில் இவ்வளவு கறார் என்றால் மறுமுனையில் நாம் ஒரு பெரிய விட்டுக்கொடுப்பைச் செய்திருக்கிறோம். சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மனிதக் குரங்குகளின் மூதாதை வாலை இழந்தது. வாலுக்கான மரபணு பழைய பரிச்சயம்தான். 1927-ல் பாரிஸில் நதேஷ்தா டோப்ரோவோல்ஸ்கயா சவட்ஸ்கயா குட்டை வால் சுண்டெலிகளில் முதன்முதலில் விவரித்தது அதைத்தான், இன்றைய பெயர் டிபிஎக்ஸ்டி. நியூயார்க்கில் ஆராய்ச்சி மாணவராக இருந்த போ ஷியா, தன் வால் எலும்பில் அடிபட்டு வலியில் இருந்தபோது இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். வால் உள்ள குரங்குகளின் மரபணுவோடு நம்முடையதை வைத்துப் பார்த்ததில், அலு எனப்படும் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று நம் பக்கத்தில் நடுவே செருகியிருந்தது. புரதத்துக்கான எழுத்து ஒன்றையும் அது தொடவில்லை. ஆனால் பக்கத்தில் எதிர்த்திசையில் இருக்கும் இன்னொரு அலுவோடு இணைந்துகொண்டு, மரபணுவைப் படிக்கும்போது ஒரு பகுதியைத் தவறவிட வைக்கிறது.

2024-ல் வெளியான ஆய்வில், இப்படிப் பகுதி விடுபட்ட வடிவத்தையும் முழு வடிவத்தையும் சேர்த்து உருவாக்கும் சுண்டெலிகளை வளர்த்தார்கள். இரண்டும் எந்த விகிதத்தில் இருந்தன என்பதைப் பொறுத்துச் சிலவற்றுக்கு வால் குட்டையானது, சிலவற்றுக்கு வாலே இல்லை. விடுபட்ட வடிவம் மட்டும் கொண்டவை பிழைக்கவில்லை. விடுபட்ட வடிவத்தைச் சுமந்த சுண்டெலிகள் சிலவற்றில் நரம்புக்குழாய் அடியில் சரியாக மூடவில்லை, மனிதக் குழந்தைகளில் ஸ்பைனா பிஃபிடா என்று நாம் பார்க்கிற குறைபாட்டைப் போலவே. வாலை விட்டதற்கு நம் இனம் இன்னும் இப்படி விலை கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு மருத்துவர்கள் முன்கூட்டியே எழுதித் தரும் ஃபோலிக் அமில மாத்திரை, இந்த நரம்புக்குழாய் மூடும் சில நாட்களை உத்தேசித்துத்தான்.